ஜெர்சியைக் கழற்றிவிட்டுப் பேச வேண்டிய இடங்கள்

2009 ஜனவரியில் லண்டனின் ‘தி டைம்ஸ்’ நாளிதழ், வருங்காலத்தில் கலக்கப்போகும் 50 இளம் கால்பந்து வீரர்கள் என்று ஒரு பட்டியல் போட்டது. அதில் 30ஆவது இடத்தில் மசால் புக்துவ். மால்டோவாக்காரர், வயது 16, லண்டன் கிளப் ஆர்சனல் கண் வைத்திருக்கும் பையன். சந்தேகப்பட்டுத் தோண்டிப் பார்த்தவர்களுக்குக் கிடைத்த விடை: அப்படி ஒரு பிறவியே உலகத்தில் இல்லை. யாரோ ஒரு குறும்புக்காரர் செய்தி நிறுவன நடையில் போலிச் செய்திகளை எழுதி இணையத்தில் அங்கங்கே தூவி வைத்திருந்தார். பெயரிலேயே குறும்பு இருந்தது. ஐரிஷ் மொழியில் ‘என் சின்னக் கறுப்புக் கழுதை’ என்று சொன்னால் கிட்டத்தட்ட அப்படித்தான் ஒலிக்கும்.

சிரித்துவிட்டுப் போகலாம். இல்லாத பையனால் யாருக்கும் நஷ்டமில்லை. டிரான்ஸ்பர், அதாவது வீரர் கிளப் மாறுவது பற்றிய பேச்சின் சௌகரியமே அதுதான். எவ்வளவு புளுகினாலும் ஒரு தேதியில் விண்டோ, அதாவது ஆள் வாங்க அனுமதிக்கப்பட்ட காலம், மூடிவிடும். ஆள் புதுச் சட்டையைப் பிடித்துக்கொண்டு படத்துக்கு நிற்பார், அல்லது நிற்க மாட்டார். யார் சொன்னது தப்பு என்று அன்றிரவே தெரிந்துவிடும், மறுநாள் எல்லோரும் மறந்தும்விடுவார்கள். உலக அரசியலுக்கு அப்படி ஒரு கடைசித் தேதி கிடையாது. நாம் என்னவோ இரண்டையும் ஒரே திரையில், ஒரே மூச்சில் பேசுகிறோம். டிரான்ஸ்பர் பேச்சில் பழகிய அரைகுறைப் பழக்கங்கள் போரைப் பற்றிப் பேசும்போதும் கூடவே வந்துவிடுகின்றன.

யார் யாரோடு பேசினார்கள்?

முதல் சறுக்கல், ‘பேச்சு நடக்கிறது’ என்பதை ‘முடிந்துவிட்டது’ என்று படிப்பது. ஒரு டிரான்ஸ்பரில் குறைந்தது நான்கு முடிச்சுகள் உண்டு. இரண்டு கிளப்புகள் விலை பேச வேண்டும். வீரர் சம்பளத்துக்கு ஒப்புக்கொள்ள வேண்டும். மெடிக்கல் என்ற உடல் பரிசோதனையில் தேற வேண்டும். கடைசியில் காகிதங்கள் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். இதில் எது அவிழ்ந்தாலும் கதை முடிந்தது.

2023 ஆகஸ்டில் மொய்சஸ் கைசெடோவுக்காக லிவர்பூல், பிரைட்டனோடு 111 மில்லியன் பவுண்டுக்கு ஒத்துப்போனது. கிளப்புகள் இரண்டும் சரி என்றாகிவிட்டது. வீரர் மட்டும் ‘செல்சிதான்’ என்று நின்றார், செல்சிக்கே போனார். அதற்குப் பத்து வருடம் முன்பு வில்லியன் டாட்டனமில் மெடிக்கலே முடித்துவிட்டு, அதே செல்சியில் கையெழுத்துப் போட்டார். 2018இல் நபில் ஃபெகிர் லிவர்பூலுக்குப் போவது மெடிக்கலுக்குப் பிறகு உடைந்தது. எல்லாவற்றையும்விட எனக்குப் பாவமாக இருப்பது அட்ரியன் சில்வாவின் கதை. 2017இல் லெஸ்டர் சிட்டி அவரை வாங்கிவிட்டது, ஆனால் பதிவுக் காகிதம் 14 நொடி தாமதம். நான்கு மாதம் பயிற்சி மட்டும்தான். முதல் ஆட்டம் 2018 ஜனவரியில்.

ஆகவே ஒரு செய்தி வந்தால் ‘உண்மையா பொய்யா’ என்று கேட்பதைவிட ‘எந்த முடிச்சு வரை வந்திருக்கிறது, இதை வெளியே சொன்னதால் யாருக்கு லாபம்’ என்று கேட்பது உதவும். பெரிய கிளப் ஒன்று தன் ஆளைக் கேட்டது என்று ஏஜென்ட் கசியவிட்டால், அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. இருக்கும் கிளப்பிலேயே சம்பளம் கூட்டி வாங்க அந்த ஒரு போன் கால் போதும். டிரான்ஸ்பர் செய்தியாளர் ஃபாப்ரிசியோ ரோமானோ, டீல் முடிந்தது என்று சொல்லப் போடும் ‘ஹியர் வி கோ’வை முத்திரை மாதிரி எடுத்துக்கொள்வதும் பெரும்பாலும் சரியாகத்தான் வருகிறது. ஆனால் அந்த வாசகத்தைக் காப்பியடிக்கும் போலிக் கணக்குகள் ஏராளம். 2023க்குப் பிறகு எக்ஸ் (பழைய ட்விட்டர்) தளத்தின் நீல டிக் என்பது பெரும்பாலும் சந்தா கட்டுகிறார் என்பதற்குத்தான் சாட்சி.

அரசியல் செய்தியிலும் இதே முடிச்சுகள்தான். அமைச்சர் பேசியது வேறு, மசோதா வந்தது வேறு, சட்டமானது வேறு. ஐ.நா. பொதுச் சபையில் ஒரு தீர்மானம் பெரும் வாக்கில் நிறைவேறினால், வீரர் சம்பளத்துக்கு ஒப்புக்கொண்ட கட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாடுகளைக் கட்டுப்படுத்தும் முடிவு பாதுகாப்புச் சபையிலிருந்து வர வேண்டும், அங்கே ஐந்து நிரந்தர உறுப்பு நாடுகளில் எது எதிர்த்துக் கையைத் தூக்கினாலும் தடை. ‘உலகமே வாக்களித்துவிட்டது, இனி போர் நின்றுவிடும்’ என்று எழுதுபவர், ‘ஏர்போர்ட்டில் பார்த்தார்களாம், ஆள் நம்ம பக்கம்’ என்று எழுதுபவரின் சொந்தச் சகோதரர்.

பணக் கணக்கு

இது வேகமாகச் சொல்லிவிடக்கூடிய விஷயம், ஆனால் சண்டைகளில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. 2023 ஜனவரி கடைசி நாளில் என்சோ பெர்னாண்டஸ் பென்ஃபிகாவிலிருந்து செல்சிக்குப் போனார். விலை 121 மில்லியன் என்கிறார் ஒருவர், 107 மில்லியன் என்கிறார் இன்னொருவர், இருவரும் ஒருவரை ஒருவர் முட்டாள் என்கிறார்கள். முதலாவது யூரோ, இரண்டாவது பவுண்டு. பென்ஃபிகா பங்குச்சந்தையில் இருக்கும் கிளப் என்பதால் போர்ச்சுகலின் சந்தைக் கண்காணிப்பு அமைப்புக்குத் தொகையை எழுதிக் கொடுத்தாக வேண்டும். போர்ட்டோ, ஸ்போர்ட்டிங், ஜெர்மனியின் டார்ட்மண்ட் எல்லாம் இப்படித்தான். அந்த அறிக்கை கிடைக்கும்போது வேறு எவர் சொன்ன எண்ணும் தேவையில்லை.

அதே என்சோவின் ஒப்பந்தம் எட்டரை வருடம். கணக்குப் புத்தகத்தில் விலையை ஒப்பந்த வருடங்களுக்குப் பிரித்து எழுதுவார்கள். எட்டரையால் வகுத்தால் வருடத்துக்குச் சுமார் 14 மில்லியன் யூரோ, ஐந்தால் வகுத்தால் 24. இந்த வித்தையைப் பார்த்துத்தான் ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஈஎஃப்ஏ 2023இலேயே ஐந்து வருடம் என்று வரம்பு போட்டது. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் அந்த டிசம்பரில் பின்தொடர்ந்தது. ‘இத்தனை பணம் எங்கிருந்து வருகிறது, கள்ளப்பணம்தான்’ என்று தீர்ப்பு எழுதும் முன் இந்த வகுத்தலை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

நெய்மருக்கு பாரிஸ் கிளப் பி.எஸ்.ஜி. 2017இல் கொடுத்த 222 மில்லியன் யூரோவைச் சந்தை விலை என்று எடுத்துக்கொண்டு மற்றவர்களை அதோடு ஒப்பிடுவது இன்னொரு பழைய நோய். அது பார்சிலோனா ஒப்பந்தத்தில் எழுதியிருந்த ரிலீஸ் கிளாஸ் தொகை, அதாவது இதைக் கட்டினால் வீரரை விட்டுவிட வேண்டும் என்ற எண். யாரும் கட்ட மாட்டார்கள் என்று நம்பி எழுதிய எண்ணை ஒருவர் கட்டிவிட்டார், அவ்வளவுதான். டிரான்ஸ்ஃபர்மார்க்ட் தளத்தில் பார்க்கும் மதிப்பும் விலை கிடையாது, ஆர்வலர்கள் விவாதித்துப் போட்ட மதிப்பீடு. ‘ஃப்ரீ டிரான்ஸ்பர்’ என்றால் பழைய கிளப்புக்குக் காசில்லை என்றுதான் அர்த்தம். வீரருக்கும் ஏஜென்ட்டுக்கும் போவது தனி.

முதலாளி, கிளப், நாடு, நீங்கள்

இங்கேதான் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது. ‘விளையாட்டில் அரசியலைக் கொண்டு வராதே’ என்கிறவரிடம் கேளுங்கள்: ஆன்டோனியோ ரூடிகர் 2022இல் செல்சியைவிட்டு ரியல் மாட்ரிட்டுக்கு எப்படிக் காசில்லாமல் போனார்? உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்ததையடுத்து, மார்ச் 10 அன்று பிரிட்டன் அரசு செல்சியின் ரஷ்ய முதலாளி ரோமன் அப்ரமோவிச்சின் சொத்துகளை முடக்கியது. கிளப் சிறப்பு உரிமத்தில் ஓடியது. புது ஆள் வாங்க முடியாது, இருப்பவருக்கு ஒப்பந்தம் நீட்டிக்கவும் முடியாது. ஒப்பந்தம் முடிந்த ரூடிகரும் கிறிஸ்டென்சனும் வெளியே நடந்தார்கள். மே கடைசியில் கிளப் 2.5 பில்லியன் பவுண்டுக்குக் கைமாறியது. அரசியலை யாரும் கொண்டு வரவில்லை, அது ஏற்கெனவே டிரஸ்ஸிங் ரூமில் உட்கார்ந்திருந்தது.

ஆனால் அதே மார்ச்சில் நடந்த இன்னொன்றையும் மறக்கக் கூடாது. மார்ச் 5, பர்ன்லி மைதானம். உக்ரைனுக்காக எல்லோரும் எழுந்து கைதட்டிய நிமிடத்தில் செல்சி ரசிகர்களில் ஒரு பகுதி அப்ரமோவிச்சின் பெயரைப் பாடியது. பயிற்சியாளர் தாமஸ் டூகலே பிறகு அதைக் கண்டித்தார். கோப்பைகள் வாங்கித் தந்தவர் மீது நன்றி இருக்கலாம், தப்பில்லை. அந்த நன்றியை ஒரு போரின் மீதான கருத்தாக மாற்றியதுதான் கோளாறு. முதலாளி மீதான விமர்சனத்தைக் கிளப் மீதான தாக்குதலாகவும், கிளப் மீதான தாக்குதலைத் தன் குடும்பத்தை ஏசியதாகவும் எடுத்துக்கொள்ளும் ரசிகர், சம்பளம் வாங்காத செய்தித் தொடர்பாளர் ஆகிவிடுகிறார்.

எதிரணி ரசிகர் மட்டும் யோக்கியமா? 2021 அக்டோபரில் சவூதியின் பொது முதலீட்டு நிதியம் நியூகாசில் கிளப்பின் 80 சதவீதத்தை வாங்கியபோது, சவூதி பத்திரிகையாளர் ஜமால் கஷோகி கொலையைப் பற்றி அதுவரை ஒரு வரி எழுதாதவர்களெல்லாம் எழுதினார்கள். சொன்னது உண்மைதான், கேள்வியும் நியாயமானதுதான். ஆனால் தங்கள் கிளப்பின் சட்டையிலும் மைதானப் பெயரிலும் எந்த நாட்டு விமான நிறுவனம் இருக்கிறது என்று கேட்டால் பேச்சு மாறியது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். இதற்கு நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றே ஒன்று: நாளைக்கு இதே நிதியம் என் கிளப்பை வாங்கினாலும் இந்த வரியை இப்படியே எழுதுவேனா? பல முறை பதில் ‘இல்லை’ என்று வந்து, எழுதியதை அழித்திருக்கிறேன்.

முதலாளியின் சொத்தைக் கிளப்பின் பணப்பை என்று நினைப்பதும் இதோடு சேர்ந்தது. நியூகாசில் இனி எம்பாப்பேயை வாங்கும் என்று அப்போது எத்தனை பேர் சத்தியம் செய்தார்கள்! அப்போதைய பிரீமியர் லீக் விதிப்படி மூன்று வருடத்தில் காட்டக்கூடிய நஷ்டம் 105 மில்லியன் பவுண்டுதான். அந்தக் கணக்கைச் சரிக்கட்ட 2024 கோடையில் எலியட் ஆண்டர்சனையும் யான்குபா மின்டேயையும் விற்க வேண்டியிருந்தது.

இன்னொரு பக்கம், நாம் கைதட்டும் ‘நல்ல டீல்’ யாருடைய இழப்பு என்பதையும் பார்ப்பதில்லை. போர் தொடங்கியதும் உக்ரைன், ரஷ்யக் கிளப்புகளின் வெளிநாட்டு வீரர்கள் ஒப்பந்தத்தை நிறுத்திவைத்து வேறு நாட்டில் ஆடலாம் என்று ஃபிஃபா அனுமதித்தது. வீரர்களின் உயிருக்கு அது தேவைதான். ஆனால் வீரர்களை விற்றே பிழைக்கும் உக்ரைன் கிளப் ஷக்தார் டொனெட்ஸ்க்குக்கு வெளிநாட்டு வீரர்கள் பலரை விற்கும் வாய்ப்புப் போனது. அந்த கிளப், சர்வதேச விளையாட்டுத் தீர்ப்பாயம் வரை போய்த் தோற்றது. அந்த விதியால் வந்த வீரர்களை ‘சும்மா கிடைத்தார்’ என்று கொண்டாடியவர்களில் பலர், அதே விரல்களால் ஷக்தாருக்கு ஆதரவாக நீல-மஞ்சள் கொடியும் போட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. இரண்டும் ஒரே கதை என்பது கண்ணில் படவில்லை.

வீரர் பாஸ்போர்ட்டின் பிரதிநிதி இல்லை

2019 டிசம்பரில் ஆர்சனல் வீரர் மெசுட் ஓசில் சீனாவின் வீகர் முஸ்லிம்கள் குறித்துப் பதிவு போட்டார். ஆர்சனல் அது அவர் தனிக்கருத்து என்று ஒதுங்கியது, சீன அரசுத் தொலைக்காட்சி மான்செஸ்டர் சிட்டியுடனான ஆட்டத்தை ஒளிபரப்பவில்லை. பேசினால் இது நடக்கும். பேசாவிட்டால் ‘ஏன் மௌனம்’ என்று நாம் கேட்போம். கத்தார் உலகக் கோப்பையில், ஊரில் அரசுக்கு எதிரான போராட்டம் நடந்துகொண்டிருந்தபோது, ஈரான் வீரர்கள் இங்கிலாந்துடனான முதல் ஆட்டத்தில் தேசிய கீதம் பாடாமல் நின்றார்கள், அடுத்த ஆட்டத்தில் பாடினார்கள். நான்கு நாளில் அவர்களை வீரத் திலகங்களாக்கி, துரோகிகளாகவும் ஆக்கிவிட்டது இணையம். ஊரில் குடும்பம் இருக்கும் ஒருவரின் உதட்டசைவை வைத்துச் சோபாவில் சாய்ந்தபடி தீர்ப்புச் சொல்வது சுலபம்.

இதன் அசிங்கமான எல்லை 2021 யூரோ இறுதியாட்ட இரவு. பெனால்டி தவறவிட்ட இங்கிலாந்தின் ராஷ்ஃபோர்டு, சாஞ்சோ, சாக்கா மூவர் மீதும் கொட்டியது நிறவெறி. அதற்கு அரசியல் விவாதம் என்று பெயர் வைக்கக் கூடாது.

ஒரு இரவும் ஒரு படமும்

2015 ஆகஸ்ட் 31 இரவு, மான்செஸ்டர் யுனைடெட் கோல்கீப்பர் டேவிட் டி கியா ரியல் மாட்ரிட்டுக்குப் போய்விட்டார் என்று நண்பர்கள் குழுவில் முதலில் எழுதியவன் நான். காகிதம் நள்ளிரவைத் தாண்டிப் போனது, டீல் உடைந்தது, இரண்டு கிளப்பும் ஒன்றையொன்று குற்றம் சாட்டின. இரண்டு நாள் கிண்டல் செய்தார்கள், பிறகு யாருக்கும் நினைவில்லை.

2022இல் போர் தொடங்கிய வாரம் ஒரு படத்தைப் பகிர்ந்தேன். இடிந்த கட்டடம், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஒருவர். டிரான்ஸ்பர் செய்தியைப் பகிரும் அதே வேகத்தில் பகிர்ந்தேன். அந்த நாட்களில் என்னைப் போன்றவர்கள் நிறைய இருந்தார்கள். ‘ஆர்மா 3’ என்ற கணினி விளையாட்டின் காட்சிகளே போர்க் காட்சிகளாகச் சுற்றி, அதைத் தயாரித்த போஹீமியா இன்டராக்டிவ் நிறுவனம் அந்த நவம்பரில் ‘இது எங்கள் கேம்’ என்று விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. என் படம் நிஜம்தான், ஆனால் வேறு நாடு, வேறு போர், பல வருடம் பழையது. படத்தையே போட்டு அது முதலில் எங்கே வந்தது என்று இணையத்தில் தேடிப் பார்க்க அரை நிமிடம் ஆகியிருக்கும். மறுநாள் ஒருவர் சுட்டிக்காட்டியதும் அழித்துவிட்டு, தப்பு என்று எழுதினேன். அழித்ததை நான்கு பேர் பார்த்திருப்பார்கள்.

மூன்று மாதம் கழித்து, எனக்கு அறிமுகமே இல்லாத ஒருவர், வேறொரு குழுவில், ‘உண்மையைப் பாருங்கள்’ என்ற வரியோடு அந்தப் படத்தை எனக்கே அனுப்பினார். பகிர்ந்தபோது மேலே நான் எழுதிய முதல் குறிப்பு அப்படியே இருந்தது, எழுத்துப் பிழையோடு.