டைனமைட்டும் அகாபேயும்: வேதம் வாசிக்கத் தொடங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்கள் வேதபாட வகுப்பில் ஒரு தம்பி பேசினார். கல்லூரி முடித்த வயது, கையில் போன், போனில் எந்த வசனத்தைத் தொட்டாலும் அதற்குரிய கிரேக்கச் சொல்லைக் காட்டுகிற ஓர் ஆப். ரோமர் 1:16-ஐ வாசித்துவிட்டு, "இங்கே தேவபெலன் என்று இருக்கிறதே, அந்தப் பெலனுக்கு மூலத்தில் டுனாமிஸ், டைனமைட் என்ற வார்த்தையே அதிலிருந்துதான் வந்தது, ஆகவே சுவிசேஷம் ஒரு வெடிமருந்து" என்றார். எல்லாரும் ஆமென் போட்டார்கள். நான் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது வருஷத்துக்கு முன்னால் அதே வரியை, அதே கையசைப்போடு நானும் சொல்லியிருக்கிறேன்.

அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன். ஏதேனில் இருந்தது ஆப்பிள் என்று ஆதியாகமம் சொல்லவில்லை, சாஸ்திரிகள் மூன்று பேர் என்று மத்தேயு எண்ணிச் சொல்லவில்லை என்பதெல்லாம் கிறிஸ்துமஸ் வினாடி வினாவிலேயே வந்துவிடுகிறது. அவற்றை விட்டுவிடுகிறேன்.

வசன எண்ணை நம்பி நிறுத்துவது

அதிகாரப் பிரிவு 13-ஆம் நூற்றாண்டில் வந்தது. ஸ்டீபன் லாங்டன் என்பவர் பிரித்தது என்பார்கள். புதிய ஏற்பாட்டில் இன்று நாம் சொல்கிற வசன எண்களைப் போட்டவர் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகக்காரர், 1551-இல். பவுல் எழுதியது கடிதம். தாத்தா எழுதிய கடிதத்தில் மூன்றாம் பக்கத்து நாலாவது வரியை மட்டும் யாராவது வாசிப்பார்களா? 1 கொரிந்தியர் 11:1-ஐப் பாருங்கள்: "என்னைப் பின்பற்றுங்கள்" என்று பவுல் சொல்வது, விக்கிரகத்துக்குப் படைத்த இறைச்சியைத் தின்னலாமா என்று பத்தாம் அதிகாரத்தில் பேசிக்கொண்டு வந்ததன் கடைசி வரி. அதிகார எண் அதைக் கொண்டுபோய்ப் பெண்கள் முக்காடிடும் பேச்சின் தலையில் ஒட்டவைத்துவிட்டது.

சொல்லின் வேரைத் தோண்டி அர்த்தம் எடுப்பது

இதில்தான் நான் கொஞ்சம் அதிகமாகப் புலம்பப் போகிறேன்.

டைனமைட்டுக்கு ஆல்பிரட் நோபெல் காப்புரிமை வாங்கியது 1867-இல். பவுல் ரோமருக்கு எழுதியது கி.பி. 57 வாக்கில். நோபெல் கிரேக்கத்திலிருந்து பெயரைக் கடன் வாங்கினார், சரி. அதற்காக அவருடைய வெடிமருந்தை 1,800 வருஷம் பின்னுக்குக் கொண்டுபோய்ப் பவுலின் மேஜையில் வைப்பது என்ன நியாயம்?

நம் பாஷையில் இந்தக் கூத்தை யாரும் அடிக்க மாட்டோம் என்பதுதான் வேடிக்கை. எண்ணெய் என்றால் எள் நெய். அதற்காகத் தேங்காய் எண்ணெய் வாங்கப் போய் "இதில் எள் எங்கே அண்ணாச்சி" என்று சண்டை பிடிக்கிறோமா? ஆண்டாள் காலத்தில் பூ நாறியது என்றால் மணத்தது என்று பொருள். இன்று விருந்துக்குப் போன வீட்டில் "உங்கள் சாம்பார் நன்றாக நாறுகிறது" என்று சொல்லிவிட்டு ஆண்டாளைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் அடுத்த முறை இலை விழாது. சொல் எங்கே பிறந்தது என்பது வேறு, பேசுகிறவர் அன்றைக்கு அதை எதற்குப் பயன்படுத்தினார் என்பது வேறு. தமிழில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த இது, கிரேக்க எழுத்தைப் பார்த்தவுடன் நமக்கு மறந்துபோகிறது.

என் கதைக்கு வருகிறேன். நான் டைனமைட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அகாபே பற்றி 32 பக்கத்தில் ஒரு கைப்பிரதி எழுதி, கைக்காசைப் போட்டு 500 பிரதி அச்சடித்தேன். அன்றைக்கு அது என் அரை மாதச் சம்பளம். சாரம் இதுதான்: கிரேக்கத்தில் அன்புக்குப் பல சொற்கள், அகாபே என்றால் தெய்வீகமான, நிபந்தனையில்லாத அன்பு, பிலியா என்றால் வெறும் சிநேகம். இதற்கு உச்சமாக யோவான் 21. இயேசு பேதுருவிடம் இரண்டு முறை அகாபே வினையில் கேட்கிறார், பேதுரு அந்த உயரத்துக்கு எட்ட முடியாமல் பிலியாவின் வினையிலேயே பதில் சொல்கிறார், மூன்றாம் முறை இயேசுவே பிலியாவுக்கு இறங்கி வருகிறார். எழுதும்போது எனக்கே கண்ணீர் வந்தது.

எங்கள் சபையில் வேதாகமக் கல்லூரியில் கிரேக்கம் கற்பித்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் இருந்தார். பத்து ரூபாய் கொடுத்து ஒரு பிரதி வாங்கினார். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும் இடத்தில் ஒரு துண்டுச்சீட்டை என் கையில் கொடுத்துவிட்டு, "வீட்டில் போய்ப் பாருங்க தம்பி" என்றார். அவ்வளவுதான். சீட்டில் மூன்று குறிப்புகள்.

ஒன்று, 2 சாமுவேல் 13:15, பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில். அம்னோன் தன் சகோதரி தாமாரைக் கெடுத்துவிட்டு வெறுத்துத் துரத்துகிற இடம். அதற்கு முன்னால் அவனுக்கு அவள்மேல் இருந்த அந்த இச்சைக்குக் கிரேக்கத்தில் போட்டிருக்கும் சொல் அகாபே. பகீரென்றது.

இரண்டு, யோவான் 3:35-உம் 5:20-உம். பிதா குமாரனில் அன்பாயிருக்கிறார் என்று இரண்டு இடத்திலும் வருகிறது. ஒன்றில் அகாபேயின் வினை, இன்னொன்றில் பிலியாவின் வினை. அப்படியானால் 5:20-இல் பிதாவுக்குக் குமாரன்மேல் வெறும் சிநேகமா?

மூன்று, 2 தீமோத்தேயு 4:10. தேமா பவுலைக் கைவிட்டுப் போனது "இப்பிரபஞ்சத்தின்மேல் ஆசைவைத்து". அந்த ஆசைக்கும் அகாபேயின் வினைதான்.

சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோவான் 21-ஐத் திரும்ப வாசித்தேன். அந்தச் சில வசனங்களுக்குள்ளேயே ஆட்டுக்குட்டிகள், ஆடுகள் என்று மாறுகிறது. மேய்ப்பதற்கு இரண்டு வினை, அறிவதற்கு இரண்டு வினை. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் போடாமல் மாற்றி எழுதுவது யோவானின் கை. பேதுரு துக்கப்பட்டதற்கும் யோவானே காரணம் சொல்கிறார்: மூன்றாந்தரமும் கேட்டதுதான். இயேசுவும் பேதுருவும் தங்களுக்குள் பேசியது பெரும்பாலும் அரமேயத்தில்தான் இருக்கும் என்பது இன்னொரு சங்கதி. இதெல்லாம் என் கைப்பிரதியில் எங்கே? 400 பிரதிக்கு மேல் இன்னும் பரணில் கிடக்கிறது. கரையான்கூட அதைத் தொடவில்லை.

எரிச்சல் எதில் என்றால், நம் பழைய தமிழ் வேதாகமத்தை ஆக்கியவர்கள் இதைச் சரியாகவே செய்திருக்கிறார்கள். தேமாவுக்கு ஆசை என்று போட்டார்கள். யோவான் 3:19-இல் மனுஷர் இருளை விரும்புகிறார்கள் என்று போட்டார்கள், அங்கேயும் அதே கிரேக்க வினைதான். இடம் பார்த்துச் சொல் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நாம் அதை மூடிவைத்துவிட்டு, ஆப்பில் வருகிற ஒற்றை வரி அர்த்தத்தை எல்லா இடத்திலும் கொண்டுபோய் ஒட்டுகிறோம்.

ஆப்பை அழித்துவிடச் சொல்லவில்லை. அந்தச் சொல் வருகிற எல்லா இடங்களையும் பட்டியலாகக் காட்டும் வசதி அதிலேயே இருக்கும். அர்த்தத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பட்டியலைப் பாருங்கள், பத்து இடமாவது முழுப் பத்தியாக வாசியுங்கள். நம் தம்பியிடமும் இதைத்தான் சொன்னேன். முகம் வாடித்தான் போனார். ஆனால் அன்று ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப் வந்தது: "அண்ணே, சபைக்குக் கிரேக்கத்துல எக்லேசியா, அப்படின்னா 'வெளியே அழைக்கப்பட்டவர்கள்'னு பிரசங்கத்துல சொல்வாங்கள்ல? அப்போஸ்தலர் 19:32 பாத்தீங்களா? எபேசுல கூச்சல் போட்ட கும்பலுக்கும் எக்லேசியாதான். எதுக்குக் கூடினோம்னே பாதிப்பேருக்குத் தெரியலையாம்!"

"வசனத்தை எடுத்துவிட்டார்கள்" என்று ஃபார்வர்ட் செய்வது

1 யோவான் 5:7-இல் பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்று மூவரைச் சொல்லும் வரி பழைய தமிழ் வேதாகமத்தில் இருக்கிறது, புதிய மொழிபெயர்ப்புகள் பலவற்றில் இல்லை. உடனே சதி என்று கிளம்பிவிடுகிறார்கள். பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் அந்த வரி கிடையாது. எராஸ்மஸ் 1516-இலும் 1519-இலும் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அதைச் சேர்க்கவில்லை. எதிர்ப்பு கிளம்பிய பிறகு 1522 பதிப்பில்தான் சேர்த்தார். மாற்கு 16-இன் கடைசிப் பன்னிரண்டு வசனங்களும் அப்படித்தான், நாலாம் நூற்றாண்டின் சினாய், வத்திக்கான் பிரதிகள் இரண்டும் 8-ஆம் வசனத்தோடு நின்றுவிடுகின்றன. பிற்பாடு சேர்ந்ததை அடையாளம் காட்டுகிறவரைத் திருடன் என்கிறோம்.

நைசியாவில் வோட்டுப் போட்டார்கள் என்பது

இது எதிர்முகாமின் ஃபார்வர்ட்: வேதாகமத்தில் எந்தப் புத்தகம் இருக்க வேண்டும் என்று நைசியா நகரில் கூடிய ஆயர்கள் வோட்டுப் போட்டு முடிவு செய்தார்களாம். 325-இல் அங்கே பேசியது, குமாரன் படைக்கப்பட்டவர் என்ற ஆரியுவின் போதனையையும் ஈஸ்டர் தேதியையும். எந்தப் புத்தகத்தைச் சேர்ப்பது என்று அங்கே வோட்டெடுப்பு நடக்கவில்லை. இன்றைய 27 புத்தகங்களும் அப்படியே வருகிற முதல் பட்டியல் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுவின் 367-ஆம் வருஷக் கடிதத்தில் இருக்கிறது.

666

வெளிப்படுத்தின விசேஷத்தில் வருகிற மிருகத்தின் எண் இது; கடைப் பொருள்மேல் இருக்கும் பார்கோடுதான் அது என்கிறார்கள். அந்தப் புத்தகம் எழுதப்பட்டது ஆசியாவின் ஏழு சபைகளுக்கு. அவர்களுக்குப் பார்கோடு தெரியாது.

வாக்குத்தத்த அட்டை

புத்தாண்டு ராத்திரி ஆராதனையில் தட்டிலிருந்து எடுக்கிற அட்டையில் பத்துக்கு இரண்டாவது எரேமியா 29:11-ஆகத்தான் இருக்கும்: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அது கி.மு. 597-இல் பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதத்து வரி. அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டு, 10-ஆம் வசனத்தில் எழுபது வருஷம் என்கிறது கடிதம். முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி, எரேமியாவின் கழுத்தில் கிடந்த நுகத்தை ஜனங்களுக்கு முன்னால் உடைத்துக் காட்டியிருந்தார். கடிதம் வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் முக்கால்வாசிப் பேர் ஊர் திரும்பியிருக்க வாய்ப்பே இல்லை.

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜிலும் அந்த அட்டை ஒட்டியிருக்கிறது. அதற்குக் கீழே 10-ஆம் வசனத்தை நான் பேனாவால் எழுதிவைத்தேன். மனைவிக்குப் பிடிக்கவில்லை, அந்த இடத்தை காந்தப் பொம்மையால் மறைத்துவிட்டாள்.