பிரதிப்பெயர் விவாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தன்னை ‘அவன்’, ‘அவள்’, ‘அவர்’ போன்ற எந்தப் பிரதிப்பெயரால் குறிப்பிட வேண்டும் என்று ஒருவர் கேட்டுக்கொண்டால், மற்றவர்கள் அதை ஏற்றாக வேண்டுமா என்ற விவாதத்துக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன: மரியாதை எதை எதிர்பார்க்கிறது, சட்டம் எதைக் கட்டாயமாக்குகிறது, பாலினம் குறித்து அவரவர் நம்புவது என்ன. இவற்றுள் ஒன்றில் வாதத்தைத் தொடங்கி, பதில் சொல்ல முடியாத இடம் வந்ததும் இன்னொன்றுக்குத் தாவிவிடுவதே இந்த விவாதத்தைக் கெடுக்கும் முதல் தவறு.

சட்டத்தைப் பற்றித்தான் அதிகமாகத் தவறு நடக்கிறது. கனடாவில் 2017-இல் நிறைவேறிய சி-16 சட்டம், பிரதிப்பெயரை மாற்றிச் சொன்னாலே சிறைக்கு அனுப்பும் என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். அந்தச் சட்டத்தின் வாசகத்தில் பிரதிப்பெயர் பற்றிய பேச்சே கிடையாது. பாகுபாட்டைத் தடுக்கும் கூட்டாட்சி மனித உரிமைச் சட்டத்திலும், குற்றவியல் சட்டத்தின் வெறுப்புப் பரப்புரை, தண்டனை நிர்ணயம் ஆகியவை பற்றிய பிரிவுகளிலும் அது பாலின அடையாளத்தையும் பாலின வெளிப்பாட்டையும் சேர்த்தது. இதைக் காட்டி, சட்டத்துக்கும் இந்த விஷயத்துக்கும் தொடர்பே இல்லை என்று மறுதரப்பு முடித்துவிடுவதும் சரியல்ல. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண மனித உரிமைத் தீர்ப்பாயம், வேண்டுமென்றே தவறான பிரதிப்பெயரால் அழைக்கப்பட்ட ஓர் உணவகப் பணியாளருக்கு 2021-இல் 30,000 டாலர் இழப்பீடு வழங்கியது. அது குற்றத் தண்டனை அல்ல, பணியிடப் பாகுபாட்டுக்கான இழப்பீடு; இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் இரு தரப்பும் பாதி உண்மையைத்தான் பேசும்.

தீர்ப்புகளைப் பாதியில் நிறுத்தி மேற்கோள் காட்டுவதும் இதே வகைதான். அமெரிக்காவில், மாணவர் கேட்ட பிரதிப்பெயருக்குப் பதிலாகக் குடும்பப் பெயரை மட்டும் சொல்லி அழைக்கத் தயாராக இருந்த ஒரு பேராசிரியரின் கருத்துரிமை வழக்கு தொடரலாம் என்று 6-ஆவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021-இல் கூறியது. அதே ஆண்டில் பிரிட்டனின் வேலைவாய்ப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், உடல்சார் பாலை மாற்ற இயலாது என்ற நம்பிக்கைக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்றது. ஆனால் அந்த நம்பிக்கை உள்ளவர்கள் திருநர்களை (திருநங்கை, திருநம்பி உள்ளிட்டோரை) விருப்பம்போல் தவறாகக் குறிப்பிட இது அனுமதி ஆகாது என்பதையும் அதே தீர்ப்பில் எழுதியது. முதல் பாதியை ஒருவரும் இரண்டாம் பாதியை இன்னொருவரும் எடுத்துக்கொண்டு சண்டையிடுகிறார்கள்.

தமிழில் பேசுகிறவர்களுக்கென்றே சில தவறுகள் உண்டு. நம்மிடம் ‘அவர்’ இருக்கிறதே, இது ஆங்கிலம் பேசுகிறவர்களின் தலைவலி என்று ஒதுக்குவது அவற்றுள் ஒன்று. ‘அவர்’ பல இடங்களில் கைகொடுக்கிறது என்பது உண்மைதான். ஆயினும் ஒரு தோழியர் வட்டத்தில் மற்ற எல்லோரும் ‘அவள் வந்தாள்’, ‘இங்கே வாடி’ என்று உரிமையோடு பேசப்படும்போது, திருநங்கையான தோழி மட்டும் ‘அவர் வந்தார்’ ஆகிவிட்டால், அந்த மரியாதையே அவளைத் தள்ளி நிறுத்தும் வேலியாகிவிடுகிறது. மேலும், தமிழில் பால் வினைமுற்றின் விகுதியிலும் இருப்பதால், ‘அவள்’ என்று கவனமாகத் தொடங்கி, நீண்ட வாக்கியத்தின் கடைசியில் ‘சொன்னான்’ என்று முடித்துவிடுவது எளிதில் நேர்கிறது. பிரதிப்பெயரே வராமல் பேசினாலும் விகுதி காட்டிக்கொடுத்துவிடும். அண்ணன், அக்கா, மாமா போன்ற முறைப்பெயர்களுக்கும் இது பொருந்தும். ‘அது’ என்று சொல்வதைப் பற்றி விவாதிக்க எதுவுமில்லை. மனிதரை அஃறிணையாக்குவது எந்தக் கொள்கையின் பெயராலும் நியாயமாகாது.

வாய் தவறிவிட்டால், ‘சொன்னாள்’ என்று திருத்திக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தால் போதும். நீளமாக மன்னிப்புக் கேட்டால், புண்பட்டவரே நம்மைத் தேற்ற வேண்டிய நிலை வரும். மறுபுறம், தடுமாற்றத்தையும் வேண்டுமென்று செய்வதையும் ஒரே தட்டில் வைப்பது, கற்றுக்கொள்ள முயல்கிறவரையும் எதிரணிக்கு அனுப்பிவிடும்.

ஆய்வுகளை மேற்கோள் காட்டும்போதும் கவனம் தேவை. அமெரிக்காவில் 15 முதல் 21 வயது வரையிலான 129 திருநர் இளையோரிடம் நடத்தி 2018-இல் வெளியான ஆய்வு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. தாம் தேர்ந்த பெயரை வீடு, பள்ளி, வேலை, நண்பர்கள் என்று கூடுதலான இடங்களில் பயன்படுத்த முடிந்தவர்களிடம் மனச்சோர்வு அறிகுறிகள் குறைவாகக் காணப்பட்டன. அந்த ஆய்வு அளந்தது பெயரை, பிரதிப்பெயரை அல்ல. அது காட்டுவதும் தொடர்பைத்தான், காரணத்தை அல்ல. ஆதரவாளர்கள் இதை மறைத்துப் பேசினால், நல்ல சான்றும் நம்பகம் இழக்கிறது.

கடைசியாக ஒன்று, ஆதரவாளர்களே பெரும்பாலும் செய்வது. கூட்டம் தொடங்கும்போது ஒவ்வொருவரும் தம் பிரதிப்பெயரைச் சொல்லியே ஆக வேண்டும் என்று விதித்தால், இன்னும் வெளியில் சொல்லத் தயாராகாதவருக்கு இரண்டே வழிகள்தான் மிஞ்சும்: பொய் சொல்வது, அல்லது அந்த இடத்திலேயே தன்னை வெளிப்படுத்திக்கொள்வது. சொல்ல விரும்புகிறவர் சொல்லலாம் என்று விட்டுவிடுவதே மேல். நண்பரிடம் ‘அவள்’ என்று சொல்லும்படி கேட்டுக்கொண்டவர், தன் பெற்றோரிடம் அதை இன்னும் சொல்லாமல் இருக்கலாம். ஆகவே அவருடைய வீட்டுக்குத் தொலைபேசியில் அழைக்க நேர்ந்தால் எந்தப் பெயரைக் கேட்பது, எப்படிக் குறிப்பிடுவது என்பதை அவரிடமே முன்கூட்டித் தனியாகக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.