கேசிங்குக்கு மேலதிகமா ஃபேன் போடுறப்ப விடுற பிழைகள்

நுவரெலியா பக்கம் யார்கிட்டயாவது கம்ப்யூட்டர் சூடாகுதுன்னு சொன்னா மொதல்ல சிரிப்பாங்க, இந்தக் கூதல்ல மனுசனே ஸ்வெட்டரோட திரியுறான் மெஷினுக்கு எதுக்குடா ஃபேன்னு. ரூம் கூதலா இருக்கிறது நல்லதுதான், ஆனா அந்தக் காத்து கேசிங்குக்குள்ள, அதாவது கம்ப்யூட்டர் பாகமெல்லாம் இருக்கிற பெட்டிக்குள்ள போனாத்தானே பிரயோசனம். முன்பக்கம் முழுக்க கண்ணாடி வச்ச கேசிங்ல கொஞ்சம் பெரிய விஜிஏ காட் (திரைல படத்த உருவாக்குற பாகம்) ஒண்ணு கேம் ஓடுறப்ப 200 வாட்ஸுக்கு மேல சூட்ட கக்கும், அது வெளிய போக வழி இல்லன்னா ஜன்னலுக்கு வெளிய 15 டிகிரியா இருந்தாலும் காட் இழுக்கிறது தான் விட்ட சுடு காத்தத்தான்.

இன்னொரு கதையும் சுத்துது, மலைல காத்து லேசு அதனால ஃபேன் வேலை செய்யாதுன்னு. பாதி உண்மை. நுவரெலியா 1868 மீட்டர் உயரம், அங்க காத்து கொழும்ப விட சுமாரா 15 வீதம் லேசு, ஃபேன் அதே அளவு காத்த தள்ளினாலும் அது தூக்கிட்டுப் போற சூடு கொஞ்சம் குறையும். ஆனா ரூம் கொழும்ப விட பத்துப் பன்னிரண்டு டிகிரி கூதலா இருக்கே, அது இத ஈடு கட்டி மிச்சமும் வைக்கும். அதனால உயரத்த கணக்குப் பாத்து ரெண்டு ஃபேன் கூட வாங்கத் தேவையில்ல.

சரி, வாங்க முன்னாடியே விடுற பிழை எதுன்னா சூடு எங்க இருந்து வருதுன்னு பாக்காம வாங்குறது. கேசிங்ட பக்கத்து மூடிய கழட்டி வச்சிட்டு அதே கேம அரை மணித்தியாலம் ஓட்டுங்க, ஹெச்டபிள்யூ மொனிட்டர்ங்கிற சொஃப்ட்வெயார்ல டெம்பரேச்சர பாருங்க. மூடி இருக்கிறப்ப காட்டினத விட ஏழெட்டு டிகிரி இறங்கிச்சுன்னா காத்தோட்டம்தான் பிரச்சின, ஃபேன் போட்டா சரிவரும். இறங்கவே இல்லையா, அப்ப சூட்ட கூலருக்குக் கடத்த ப்ராசஸருக்கு மேல பூசின தெர்மல் பேஸ்ட் காஞ்சு போயிருக்கலாம் இல்லாட்டி கூலர் ஒழுங்கா உக்காரல, அதுக்கு ஆறு ஃபேன் போட்டாலும் ஒண்ணும் நடக்காது. கொழும்புல கம்ப்யூட்டர் கடைங்க இருக்கிற யூனிட்டி பிளாசா வரைக்கும் போய் லைட் எரியுற ஃபேன் பெட்டியோட வாங்கிட்டு வந்து கடைசில ஒரு சின்ன ட்யூப் பேஸ்ட்டோட முடியுற வேலைய செஞ்சவங்க நெறயப் பேர்.

அடுத்தது திசை. இதுலதான் அதிகம் பேர் விழுறாங்க. ஃபேன்ட ஒரு பக்கம் இறக்கை மட்டும் திறந்து தெரியும், மற்றப் பக்கம் மோட்டர தாங்குற கம்பி மாதிரி கால்கள் இருக்கும், காத்து அந்தக் கால் இருக்கிற பக்கமாத்தான் வெளிய வரும். சில ஃபேன்ட ஓரத்துல அம்புக்குறியும் இருக்கும். லைட் அழகா தெரியணும்னு முன்னாடி ஃபேன திருப்பி மாட்டி எல்லாத்தையும் வெளிய ஊதுறதா ஆக்கிடுறாங்க, அப்ப உள்ள காத்து வர்றது ஸ்லொட் இடுக்கு, ஸ்குரூ ஓட்டை, யூஎஸ்பி ஓட்டை வழியா, தூசியும் அதே வழியாத்தான். முன்னாடி 120 மில்லிமீட்டர் ரெண்டு உள்ள இழுக்கவும் பின்னாடி ஒண்ணு வெளிய தள்ளவும் இருந்தா சாதாரண கேசிங் ஒண்ணுக்கு அநேகமா காணும், அதுக்கு மேல போடுற ஒவ்வொரு ஃபேனும் குறைக்கிற டிகிரிய விட கூட்டுற சத்தம்தான் பெருசு.

தேயிலை ஃபெக்டரில கொழுந்து வாட்டுற ட்ரொஃப் (கீழால காத்து ஊதுற நீளத் தொட்டி) பாத்தவங்களுக்கு இது சொல்லாமலே விளங்கும், கொழுந்த சமமா பரப்பலன்னா காத்து மெல்லிசா கிடக்கிற இடத்தால புகுந்து போயிடும், தடிப்பா குவிஞ்ச இடம் வாடவே வாடாது. கேசிங்லயும் காத்து லேசான வழியத்தான் தேடும். மேல கூரைல முன்பக்க ஓட்டைல வெளிய ஊதுற ஃபேன் ஒண்ண போட்டா முன்னாடி இப்பதான் வந்த குளிர் காத்த ப்ராசஸர் கூலர் கிட்டப் போக விடாம அதுவே உறிஞ்சிடும். மேல போடுறதா இருந்தா பின்பக்க ஓரமா போடுங்க. முன்பக்கம் மூடின கண்ணாடின்னா பக்கத்துல எவ்வளவு இடைவெளி இருக்குன்னு பாருங்க, விரல் நுழையாத இடுக்குக்குப் பின்னால எத்தன ஃபேன் போட்டும் வேலையில்ல, சல்லட மாதிரி மெஷ் முகம் உள்ள கேசிங் ஒண்ணு பாவிச்சதா கிடைச்சாலும் அதுதான் மேல்.

தூசின்னா நம்ம ஊர்ல வெறும் தூசி இல்ல. விறகு அடுப்பு எரியுற வீட்டுல புகை பிசுபிசுன்னு படியும், மழக் காலத்து ஈரத்தோட அது ஃபில்டர்ல பாய் மாதிரி ஒட்டிரும். ஃபில்டர் இல்லாம உள்ள இழுக்கிற ஃபேன் போடாதீங்க, போட்ட ஃபில்டர கழுவி நல்லா காய வச்சு மாட்டுங்க. கேசிங்க நிலத்துல கம்பளத்து மேல வச்சிருந்தா கீழால காத்து இழுக்கிற பவர் சப்ளைக்கு மூச்சு முட்டும், ஒரு பலகை மேல தூக்கி வைங்க. தூசிய புளோவரால ஊதுறப்ப இறக்கைய விரலால பிடிச்சிக்கங்க, அது கண்டபடி வேகமா சுத்தினா பேரிங் போகும், ஃபேனே கரண்ட் உண்டாக்கி மதர்போர்டுக்குத் திருப்பி அனுப்பவும் கூடும்.

வயர் விஷயம். மூணு பின் ஃபேனும் நாலு பின் சொக்கெட்ல போகும், ஆனா பயோஸ்ல (மதர்போர்ட்ட செட்டிங்ஸ் திரை) அந்த சொக்கெட் பிடபிள்யூஎம்ல (நாலாவது பின் வழியா வேகத்த சொல்ற முறை) இருந்தா மூணு பின் ஃபேன் எப்பவும் முழு வேகத்துல கத்தும், டிசின்னு (வோல்ட்ட குறைச்சு வேகத்த குறைக்கிற முறை) மாத்தினா அடங்கும். மதர்போர்ட் சொக்கெட் ஒண்ணு வழக்கமா 1 ஆம்பியர்தான் தாங்கும், ஃபேன் பெட்டில போட்டிருக்கிற ஆம்பியர கூட்டிப் பாக்காம ஒரே சொக்கெட்ல நாலஞ்சு ஃபேன ஸ்ப்ளிட்டர் (ஒரு வயர பலதா பிரிக்கிறது) போட்டு மாட்டாதீங்க, பவர் சப்ளைல இருந்து நேரா கரண்ட் எடுக்கிற ஹப் ஒண்ணு வாங்குங்க. லைட் வயர்ல இன்னும் கவனம், மூணு பின் லைட் 5 வோல்ட், நாலு பின் லைட் 12 வோல்ட், பொருந்தலையேன்னு நெருக்கி மாத்திக் குத்தினா 5 வோல்ட் லைட் அந்த நிமிசமே செத்துரும்.

கடைசியா ஈரம். மூடுபனி நேரத்துல ஃபேன் ஓடினா உள்ள தண்ணி படியும்னு பயந்து ஃபேன நிப்பாட்டி வைக்கிறவங்க இருக்காங்க. ஓடுற மெஷின்ட பாகமெல்லாம் ரூம் காத்த விட சூடா இருக்கும், சூடான இடத்துல பனி படியாது. பயப்பட வேண்டியது வேற நேரம், ராத்திரி கூதல்ல கொண்டு வந்த கேசிங்க அடுப்பு எரியுற சூடான ரூமுக்குள்ள வச்சு ஒடனே ஒன் பண்ணுறதுதான் ஆபத்து, குளிர்ந்து போன தகட்டுல ஈரம் படியும். ஒண்ணு ரெண்டு மணித்தியாலம் அப்படியே விட்டுட்டு தகட்ட தொட்டுப் பாத்து ரூம் அளவுக்கு வந்த பிறகு சுவிச்ச போடுங்க.