படகு ஏ.சி. ஸ்டார்ட் ஆகவில்லையா? கேஸ் அடிக்க முன் இவற்றைப் பாருங்கள்

வீட்டு ஏ.சி. திருத்துபவரைப் படகுக்குக் கூட்டிவந்தால் அவர் முதலில் கேட்பது, "கேஸ் இருக்கா?" என்றுதான். பெரும்பாலான படகு ஏ.சி.கள் ஒரே பெட்டியாக, தொழிற்சாலையிலேயே கேஸ் அடைத்து மூடப்பட்டு வருபவை. வெளியே மின்விசிறி வைத்த பெட்டி இவற்றுக்கு இல்லை. வெப்பத்தைக் கொண்டுபோவது அடியிலிருந்து பம்ப் இழுக்கும் தண்ணீர். ஆகவே மட்டக்களப்பு வாவியில் ஓடும் சுற்றுலாப் படகானாலும், பாசிக்குடா டைவிங் படகானாலும், வாழைச்சேனைத் துறைமுகத்தில் நிற்கும் பலநாள் படகின் கெபினானாலும், ஏ.சி. கிளம்பாவிட்டால் முதலில் கரண்டையும் அடுத்துத் தண்ணீரையும் பாருங்கள். கேஸ் கடைசியில்.

"ஸ்டார்ட் ஆகவில்லை" என்பதில் மூன்று வகை உண்டு. டிஸ்பிளேயே எரியாதது ஒன்று. டிஸ்பிளே எரிந்தும் பம்போ, கேஸை அழுத்திச் சுற்றவிடும் கொம்பிரசரோ அசையாதது இன்னொன்று. சில நொடி ஓடி நின்றுவிடுவது மூன்றாவது. எது என்று தெரிந்துகொண்டு தொடங்கினால் பாதி வேலை மிச்சம். சுவிட்சைப் போட்டதும் மூன்று நிமிடம் பொறுங்கள். கொம்பிரசரைக் காப்பாற்ற, ஏ.சி.யை இயக்கும் மின்னணுப் பலகையான கொன்ட்ரோலரே அவ்வளவு நேரம் தாமதிக்கும். பல அலகுகள் சூடாக்கவும் செய்யும். யாராவது 'ஹீட்' மோடில் விட்டுப் போயிருந்தால் நம் ஊர் வெயிலில் அது எப்படிக் கிளம்பும்? மோடை 'கூல்' ஆக்கி, வெப்பநிலையை 22 பாகைக்கு இறக்கிப் பாருங்கள்.

கரண்ட்

டிஸ்பிளே எரியாவிட்டால் பிரேக்கர், பியூஸ், கொன்ட்ரோலருக்குப் போகும் கேபிளின் பிளக் என்ற வரிசையில் பாருங்கள். பிளக்கின் பின்களில் பச்சை பூத்திருந்தால் கொன்டக்ட் கிளீனர் அடித்து, பழைய டூத்பிரஷால் தேய்த்து மறுபடி செருகினாலே பல தடவை உயிர் வந்துவிடும்.

டிஸ்பிளே எரிந்து, கொம்பிரசர் "ம்ம்" என்று முனகி நின்றால், மல்டிமீற்றரை ஏ.சி. பெட்டியின் டெர்மினலிலேயே வையுங்கள். இறங்குதுறைப் பிளக்கில் 230 வோல்ட் காட்டுவது போதாது; கொம்பிரசர் கிளம்பும் அந்த நொடியில் எவ்வளவுக்கு இறங்குகிறது என்பதே கணக்கு. 16,000 பி.டி.யு. (குளிரூட்டும் திறனின் அளவு) அலகொன்று ஓடும்போது 6, 7 அம்பியர் அளவில் எடுக்கும்; கிளம்பும்போது 30 அம்பியர் வரை இழுக்கும். கரையிலிருந்து 50 மீற்றருக்கு 1.5 சதுர மில்லிமீற்றர் வயரை இழுத்திருந்தால், போகவரும் 100 மீற்றருக்கு 1.2 ஓம் தடை. 30 அம்பியரில் 36 வோல்ட் வயரிலேயே போய்விடும். கொம்பிரசருக்குக் கிடைப்பது 194. அதில் அது கிளம்பாமல் போகலாம். அதே தூரத்துக்கு 4 சதுர மில்லிமீற்றர் செம்பு வயர் போட்டால் இழப்பு 14 வோல்ட்டுக்குள் அடங்கும். சுற்றி வைத்த எக்ஸ்டென்ஷன் கோட்டில் ஏ.சி. ஓட்டவே வேண்டாம், சூடேறி உருகும்.

ஜெனரேற்றரில் ஓடினால் ஹேர்ட்ஸையும் பாருங்கள். சுமையில்லாமல் 51, 52 இருந்து, கொம்பிரசர் கிளம்பியதும் 48க்குக் கீழே போய் எழாவிட்டால் கோளாறு ஜெனரேற்றரின் டீசல் பில்டரிலோ, வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னரிலோ இருக்கலாம். வெளிநாட்டில் இருந்து பழையதாக வாங்கிய ஏ.சி. என்றால் பெயர்த்தகட்டைப் படியுங்கள். 115 வோல்ட் அலகு நம் 230இல் எரிந்துபோகும். 60 ஹேர்ட்ஸ் மட்டும் என்று போட்ட அலகை 50இல் ஓட்டினால் மோட்டர் சூடேறி ஆயுள் குறையும்.

வோல்ட் சரி, ஆனாலும் முனகல் மட்டும் என்றால் கொம்பிரசர் மோட்டர் கிளம்பி ஓட உதவும் ரன் கெப்பாசிற்றரைச் சந்தேகியுங்கள். பிரேக்கரை நிறுத்தி, கெப்பாசிற்றரின் இரு முனைகளிலும் 230 வோல்ட் குண்டு பல்பொன்றை வயரால் தொட்டு மிச்ச மின்னை இறக்கிய பிறகே கை வைக்க வேண்டும். 35 மைக்ரோபராட் என்று போட்டிருந்தால் மீற்றர் 33க்கும் 37க்கும் இடையில் காட்ட வேண்டும். 30க்குக் கீழே என்றால் மாற்றுங்கள்: மைக்ரோபராட் அதே அளவு, வோல்ட் அதே அல்லது கூட. மேல்பக்கம் உப்பியிருந்தால் அளக்கவே தேவையில்லை.

தண்ணீர்

ஓடி நின்று, டிஸ்பிளேயில் எச்.பி.எஃப். அல்லது 'ஹை பிரஷர்' என்று வந்தால் தண்ணீர் போகவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சில கொன்ட்ரோலர்கள் இது திரும்பத் திரும்ப வந்தால் தம்மைத் தாமே பூட்டிவிடும். பிறகு சுவிட்சைப் போட்டாலும் "செத்துவிட்டது" போலத் தெரியும். மோடை முற்றாக ஓஃப் செய்து மறுபடி போட்டால் பூட்டுத் திறக்கும். ஆனால் காரணத்தைப் பார்க்காமல் மறுபடி போடாதீர்கள்.

படகின் பக்கவாட்டில் தண்ணீர் வெளியே விழும் துளையில் ஒரு வாளியைப் பிடியுங்கள். 12,000 பி.டி.யு.வுக்கு நிமிடத்துக்கு 11 லீற்றர் என்பது கணக்கு. 10 லீற்றர் வாளி ஒரு நிமிடத்துக்குள் நிரம்ப வேண்டும். நூல்போல வடிந்தால் முதலில் வடிகட்டி. கடல்நீர் வால்வை மூடி, மூடியைக் கழற்றி, கூடையை எடுத்துப் பிரஷால் கழுவுங்கள். மாரியில் முகத்துவார மணலை வெட்டி வாவியைக் கடலுக்குத் திறந்துவிட்ட நாட்களில் வாவி கலங்கி, ஆற்றுவாழை, சல்வீனியா போன்ற மிதக்கும் நீர்ப்பூண்டுகளை இழுத்து வரும். அப்போது தினமும் கழுவ வேண்டியிருக்கும். ஒலுவில் பக்கம் மணல்தான் தொல்லை. மூடியின் ஓ-ரிங் வெடித்திருந்தால் மாற்றுங்கள், சிலிக்கன் கிறீஸ் மெல்லப் பூசி மூடுங்கள்.

வடிகட்டி சுத்தம், பம்பும் சுழல்கிறது, தண்ணீர் மட்டும் வரவில்லை என்றால் பம்பில் காற்று அடைத்திருக்கிறது. இந்தப் பம்ப் கிணற்று மோட்டர் மாதிரித்தான், தானாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளாது. அதனாலேயே அதை நீர்மட்டத்துக்குக் கீழே பூட்டுகிறார்கள். கரையேற்றி இறக்கிய படகில் இது பெரும்பாலும் வரும். பிரேக்கரை நிறுத்தி, வால்வைத் திறந்தபடி பம்பின் வெளிச்செல்லும் குழாய்க் கிளிப்பைத் தளர்த்திக் குழாயைச் சற்று அசையுங்கள். குமிழி போய்ச் சுத்தமாகத் தண்ணீர் வந்ததும் இறுக்குங்கள். அடிக்கடி காற்று அடைக்குமானால் குழாய் எங்கோ மேடு பள்ளமாகத் தொங்குகிறது. வால்விலிருந்து, கேஸின் வெப்பத்தைத் தண்ணீருக்கு மாற்றும் கொண்டென்சர் வரை அது ஏறிக்கொண்டே போக வேண்டும். அடியில் உள்ள நுழைவாய் முன்பக்கம் பார்த்து இருக்க வேண்டும். பின்பக்கம் திரும்பியிருந்தால் படகு ஓடும்போது தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிடும்.

பம்ப் சுழலவே இல்லையா? பம்புக்குக் கரண்ட் கொடுக்கும் தனி றிலே (தானியங்கி சுவிட்ச்) இருந்தால் அதைப் பாருங்கள். றிலே சரியென்றால் பிரேக்கரை நிறுத்தி, வால்வை மூடி, பம்பின் தலையைத் திறந்து, சிப்பியோ ஓட்டுத்துண்டோ தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரைப் பிடித்திருக்கிறதா என்று விரலால் சுற்றிப் பாருங்கள்.

எல்லாம் சரி, ஆனால் நீரோட்டம் குறைவு என்றால் கொண்டென்சருக்குள் சுண்ணாம்பும் சிப்பியும். வால்வை மூடி, இரு குழாய்களையும் கழற்றி, வாளியில் 10 லீற்றர் நல்ல தண்ணீரில் அரைக் கிலோ சிட்ரிக் அசிட் கரைத்து, சிறு பம்பால் ஒரு மணி நேரம் சுற்ற விடுங்கள். பிறகு பத்து நிமிடம் நல்ல தண்ணீர். பாத்ரூம் அசிட் ஊற்ற வேண்டாம், பித்தளை இணைப்புகளைத் தின்றுவிடும்.

கொம்பிரசர் கை வைக்க முடியாத சூட்டில் இருந்தால் உள்ளே உள்ள ஓவர்லோட் சுவிட்ச் திறந்திருக்கும். ஆறுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். அதற்குள் கொம்பிரசர் போய்விட்டது என்று விலை கேட்க ஓடாதீர்கள். ஆறிய பிறகு பிரேக்கரை நிறுத்தி, வயர்களைக் கழற்றி, சி (பொது முனை), ஆர் (ரன்), எஸ் (ஸ்டார்ட்) என்ற மூன்று டெர்மினலையும் ஓமில் அளந்து பாருங்கள். சி-ஆர், சி-எஸ் இரண்டின் கூட்டுத்தொகை ஆர்-எஸ்ஸுக்குச் சமமாக வர வேண்டும். எந்த முனைக்கும் செம்புக் குழாய்க்கும் இடையில் சிறிய அளவு ஓம் காட்டினால் சுருள் எரிந்துவிட்டது.

இவ்வளவும் தேறி, தண்ணீர் நன்றாக ஓடி, எல்.பி.எஃப். (கேஸ் அழுத்தம் குறைவு) என்று வந்தால் அப்போது கேஸ் ஆளைக் கூப்பிடலாம். முதலில் கசிவைக் கண்டுபிடித்து அடைக்கச் சொல்லுங்கள், பிறகு தகட்டில் எழுதிய கிராம் அளவில், தராசில் நிறுத்து அடிக்கச் சொல்லுங்கள்.