மலையேற்ற வழிகாட்டியை அமர்த்தும் முன் கேட்க வேண்டியவை

ஒருமுறை எங்களுடன் வந்த வழிகாட்டி, "பாதை ஒன்றுதான், நேராக வாங்க" என்று சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டார். பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் இருட்டும் வரை நின்றோம். முன்பதிவின்போது போனில் பேசியவர் வேறு, காட்டுக்குள் கூட்டிப்போனவர் வேறு.

அதனால் முன்பணம் கட்டும் முன், கூட நடக்கப்போகிறவரிடமே பேச வேண்டும் என்று கேளுங்கள். இதே பாதையில் கடைசியாக எப்போது போனார், முதலுதவிப் பயிற்சி எடுத்திருக்கிறாரா, சிக்னல் இல்லாத இடத்தில் ஆபத்து என்றால் யாரை எப்படிக் கூப்பிடுவார், குழுவின் கடைசியில் யார் நடப்பார்? "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்றால் வேறு ஆளைத் தேடுங்கள். நல்ல வழிகாட்டி உங்களையும் கேட்பார்: முழங்கால் வலி உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், இதற்கு முன் எவ்வளவு நடந்திருக்கிறீர்கள் என்று.

உச்சியை எட்டாவிட்டாலும் எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதை முதல் நாளே பேசி முடிவு செய்யுங்கள். தொகையில் என்னென்ன அடங்கும், சுமை தூக்குபவரின் கூலி உட்பட, எழுத்தில் வாங்குங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்க வேண்டாம்.

உயரமான மலை என்றால் இன்னும் கவனம் தேவை. 3,000 மீட்டருக்கு மேலே போன பிறகு, இரவு தங்கும் இடத்தின் உயரம் ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது, 3-4 நாளுக்கு ஒருமுறை ஓய்வு வேண்டும், ஆனால் ஒரு நாளை மிச்சம் பிடிக்க அந்த ஓய்வைத்தான் சிலர் முதலில் வெட்டுகிறார்கள். தலைவலியோடு குமட்டல் இருந்தால் மேலே ஏறாதீர்கள். கால் தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே கீழே இறங்க வேண்டும். "தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும்" என்று வழிகாட்டி சொன்னால் கேட்காதீர்கள்.

அப்புறம், போனில் இறக்கி வைத்த வரைபடம், தலைவிளக்கு, விசில் மூன்றும் உங்கள் பையிலேயே இருக்கட்டும். நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதுவது மலைகளில் உதவி கேட்கும் அடையாளம். அன்று எங்களிடம் விசில் இல்லை.

திரும்பி வந்ததும் நடந்ததைத் தேதி, நேரத்தோடு ஏற்பாடு செய்தவர்களுக்கு எழுதுங்கள். மேகம் கறுக்கிறது என்று உச்சிக்குக் கொஞ்சம் கீழே உங்களைத் திருப்பிக் கூட்டி வந்தவரைப் பற்றி மட்டும் புகார் எழுதாதீர்கள், அவர் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்.