மாட்டு நாக்கு: சொல்லி வைத்து வாங்குவது முதல் வறுத்து எடுப்பது வரை

ஒரு மாட்டுக்கு ஒரு நாக்குதான். அதனால் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கடைக்குப் போய் நின்றால் அது கிடைக்காது. கறி தொங்கும், ஈரல் இருக்கும், போட்டி (குடல்) ஒரு குண்டான் நிறையக் கிடக்கும். நாக்கை மட்டும் விடியற்காலையிலேயே யாராவது வாங்கிப் போயிருப்பார்கள். முன்னாடியே சொல்லி வைத்தவர்கள். நீங்களும் வெள்ளிக்கிழமை சாயங்காலமே போய்ச் சொல்லி வைத்துவிடுங்கள்.

நான் சென்னை பெரம்பூரில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவுக்கு ரயில்வே கேரேஜ் ஒர்க்ஸில், அதாவது ரயில் பெட்டிப் பட்டறையில் வேலை. எங்கள் வீட்டில் மாட்டுக்கறி வாராவாரம் உண்டு. அம்மாவுக்குக் கறியைவிட உள்கறிதான் பிடிக்கும்: ஈரல், சுவரொட்டி (மண்ணீரல்), போட்டி, மூளை. ஆனால் நாக்குச் சமைக்க அம்மாவுக்கே சொல்லித் தந்தவர் பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்திய ஆண்ட்டி. ரயில்வேயை நம்பி வாழ்ந்த அந்தக் குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் நிறைய இருந்தன. கிறிஸ்துமஸ் அன்றைக்கு அவர்கள் வீட்டு மேசையில் நாக்கு ரோஸ்ட் இல்லாமல் இருக்காது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, வினிகரை எடுத்துவிட்டு மிளகையும் சோம்பையும் போட்டு நம் வறுவலாக மாற்றிக்கொண்டார். இரண்டையுமே நான் செய்கிறேன்.

கடையில் பேசுவது இப்படித்தான் இருக்கும்:

"பாய், ஞாயித்துக்கிழமைக்கு ஒரு நாக்கு எடுத்து வைங்க."

"முழுசாவாக்கா, வெட்டித் தரவா?"

"முழுசாவே இருக்கட்டும். தொண்டைப் பக்கம் இருக்கிற எலும்பையும் கொழுப்பையும் மட்டும் எடுத்துடுங்க."

முழுசாகத்தான் வாங்க வேண்டும், வெட்டி வாங்காதீர்கள். நாக்கின் மேல் தடிமனான தோல் இருக்கிறது. வேகவைத்த பிறகுதான் அது உரியும். பச்சையாக இருக்கும்போது துண்டு போட்டுவிட்டால் ஒவ்வொரு துண்டிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் தோலைக் கத்தியால் சீவ வேண்டி வரும், பாதிக் கறி அதோடு போய்விடும். தொண்டைப் பக்கத்து எலும்பு, சுரப்பி, கொழுப்பு எல்லாம் எடையில் சேருமே தவிர உங்களுக்கு உதவாது. பழகிய கடையில் சொன்னால் எடுத்துவிட்டுத்தான் நிறுப்பார்கள். முக்கால் கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோ வரை நாக்கு வரும். 1 கிலோ வாங்கினால் வெந்து, தோல் போய், கடைசியில் 600 கிராம் போலத்தான் தேறும். நான்கு பேருக்குத் தாராளம்.

வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். வெட்டிய இடம் சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். பச்சை நிறமாகவோ வெளிறியோ வழவழவென்றோ இருந்தால் வேண்டாம். விரலால் அழுத்தினால் கெட்டியாகத் திரும்ப வர வேண்டும். மூன்றாவதாக, மேல் தோலைத் தடவிப் பாருங்கள். பூனை நாக்கு மாதிரி சொரசொரவென்று, முள் எல்லாம் தொண்டைப் பக்கம் சாய்ந்திருக்கும். அது இயற்கை. ஆனால் புண்ணோ கொப்புளமோ உரிந்த இடமோ தெரிந்தால் வாங்காதீர்கள். கோமாரி நோய் கண்ட மாட்டுக்கு முதலில் புண் வருவது வாயிலும் குளம்பிலும்தான். நாக்கு கறுப்பாக, சாம்பல் நிறமாக, திட்டுத் திட்டாக இருக்கிறதே என்று மட்டும் பயந்துவிடாதீர்கள். அது தோலின் நிறம். எருமை நாக்கு பெரும்பாலும் அப்படித்தான். தோல் போனதும் உள்ளே எல்லாமே ஒரே நிறம்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஒரு கைப்பிடி கல் உப்பைப் போட்டு நன்றாகத் தேயுங்கள். நுனியிலிருந்து அடி வரை, அடியிலிருந்து நுனி வரை, அடிப்பக்கத்து மடிப்புக்குள்ளும். வழவழப்பு எல்லாம் உப்போடு வந்துவிடும். கத்தியின் பின்பக்கத்தால் ஒருமுறை சுரண்டி, தண்ணீரில் அலசி, மஞ்சள் தூள் கலந்த தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறப் போடுங்கள். போட்டி கழுவுவதில் கால்வாசி வேலைகூட இதில் இல்லை. உள்கறி என்றாலே நாற்றம், கழுவி மாளாது என்று ஒதுங்குகிறவர்கள் நாக்கிலிருந்து தொடங்கலாம். இதில் உறுப்பு வாடையே கிடையாது. இது சதை, அவ்வளவுதான். மாடு நாளெல்லாம் மேய்வதும் அசைபோடுவதும் இந்தச் சதையை வைத்துத்தான். அதனால் நார் அழுத்தமாக இருக்கும். அதே சமயம் 100 கிராமுக்குச் சுமார் 16 கிராம் கொழுப்பு அந்த நாருக்குள்ளேயே ஊடுருவிக் கிடக்கிறது. பொறுமையாக வேகவைத்தால் வெண்ணெய் மாதிரி ஆவது அதனால்தான்.

அந்தப் பொறுமை நம் ஊரில் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும். 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, 10 வயதைத் தாண்டி, வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் ஆகாது என்று சான்று பெற்ற மாட்டைத்தான் வயதைக் காட்டி அறுக்க முடியும். அப்படி வருவது முற்றின கறி. வெளிநாட்டுச் சமையல் குறிப்பில் போட்டிருக்கும் நேரத்தை நம்பி அடுப்பை அணைத்தால் ரப்பராகத்தான் இருக்கும்.

5 லிட்டர் குக்கரில் நாக்கை வளைத்து வையுங்கள். மூழ்கும் அளவு தண்ணீர், ஒரு பெரிய வெங்காயம் நான்காக, தட்டிய இஞ்சி ஒரு துண்டு, பூண்டு ஆறு பல், மிளகு ஒரு டீஸ்பூன், பிரிஞ்சி இலை ஒன்று, உப்பு ஒரு டீஸ்பூன். முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்மில் வைத்து 50 நிமிடம். விசிலை எண்ண வேண்டாம், கடிகாரத்தைப் பாருங்கள். ஆவி தானாக அடங்கிய பிறகு திறந்து, தடிமனான இடத்தில் கத்தி நுனியை இறக்குங்கள். வாழைப்பழத்தில் இறங்குவதுபோல இறங்க வேண்டும். கொஞ்சம் தடுத்தாலும் மூடி போட்டு இன்னும் 15 நிமிடம் வையுங்கள். குக்கர் வேண்டாம் என்பவர்கள் கனமான பாத்திரத்தில் மூடி போட்டு மூன்று மணி, மூன்றரை மணி நேரம் கொதிக்கவிடலாம். ருசி அதில்தான் அதிகம், கேஸ்தான் போகும்.

இனி வருவதுதான் முக்கியமான கட்டம். தோலைச் சூட்டோடு உரிக்க வேண்டும். கல்யாணமான புதிதில், முதன்முதலாகத் தனியாகச் செய்தபோது, கை சுடுகிறதே என்று தட்டில் எடுத்து வைத்து ஆறவிட்டேன். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் தோல் இறுகிக் கறியோடு ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு ஒரு நாக்கு பொடிப்பொடியாகப் போனது. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். நாக்கை எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் பத்து எண்ணும் வரை முக்குங்கள். வெளிப்புறம் மட்டும் ஆறும், உள்ளே சூடாகவே இருக்கும். அடிப்பக்கம், தொண்டைக்கு அருகில், தோலின் ஓரத்தைக் கத்தியால் லேசாக நெம்பிவிட்டு, துணியால் பிடித்து நுனியை நோக்கி இழுங்கள். சரியாக வெந்திருந்தால் காலுறை கழற்றுவதுபோல ஒரே இழுப்பில் பெரிய பட்டையாக வரும். உரிந்த தோலின் உள்பக்கத்தில் மேலே இருந்த சொரசொரப்பின் அச்சு புள்ளி புள்ளியாகத் தெரியும். கீழே இருக்கும் கறி இளஞ்சிவப்பும் பழுப்புமாக மழமழவென்று இருக்கும். நுனியில் தோல் மெல்லிசு, அங்கே மட்டும் கத்தி வேண்டியிருக்கும். மொத்தமாகவே வர மறுத்தால் வேகவில்லை என்று அர்த்தம். மறுபடி குக்கருக்குள் போடுங்கள்.

வறுவலுக்கு: உரித்த நாக்கை நாருக்குக் குறுக்காக அரை விரல் தடிமனில் வில்லை போட்டு, ஒவ்வொரு வில்லையையும் மூன்றாக வெட்டுங்கள். மிளகு இரண்டு டீஸ்பூன், சோம்பு ஒன்று, சீரகம் அரை, காய்ந்த மிளகாய் நான்கு, எல்லாவற்றையும் வெறும் சட்டியில் வறுத்துக் கொரகொரவென்று பொடியுங்கள். இரும்புச் சட்டியில் மூன்று மேஜைக் கரண்டி நல்லெண்ணெய் காய்ந்ததும் பல்லுப் பல்லாகக் கீறிய கால் மூடித் தேங்காயைப் போட்டுச் சிவக்கவிடுங்கள். அப்புறம் 200 கிராம் சின்ன வெங்காயம், இடித்த பூண்டு, இரண்டு ஆர்க்குக் கறிவேப்பிலை. வெங்காயம் வதங்கியதும் கறியும் பொடியும் உப்பும், நாக்கை வேகவைத்த தண்ணீர் ஒரு கரண்டியும். ஈரம் வற்றியதும் கிளறுவதை நிறுத்துங்கள். கறி ஏற்கெனவே பஞ்சாக வெந்திருக்கிறது, கிளறினால் உடையும். சட்டியைக் குலுக்கிவிட்டு, ஓரம் கருகலாக மொறுமொறுக்கும் வரை ஏழெட்டு நிமிடம் விடுங்கள், போதும். தக்காளி சேர்க்காதீர்கள். புளிப்பு அந்தக் கொழுப்பின் இனிப்பை மறைத்துவிடும்.

ஆண்ட்டியின் ரோஸ்ட் வேறு மாதிரி. உரித்த நாக்கை வெட்டாமல், நெய்யில் எல்லாப் பக்கமும் சிவக்க வைப்பார். இரண்டு பெரிய வெங்காயம், ஒரு துண்டு பட்டை, பத்து மிளகு, மூன்று காய்ந்த மிளகாய், இரண்டு மேஜைக் கரண்டி வினிகர், வேகவைத்த தண்ணீர் இரண்டு கப். தோல் சீவி இரண்டாக வெட்டிய உருளைக்கிழங்கையும் கூடவே போட்டு மூடி, தண்ணீர் வற்றிக் குழம்பு பழுப்பாகக் கறியைப் பூசிக்கொள்ளும் வரை சிறு தீயில் விடுவார். விரல் தடிமனில் வெட்டித் தட்டில் அடுக்குவார். நுனிப் பக்கம் மெல்லிசாக இருப்பதால் அங்கே கத்தியைச் சாய்த்து வெட்டினால்தான் வில்லை பெரிதாக வரும். மிச்சம் இருந்தால் மறுநாள் ஆறின வில்லையைக் கடுகு தடவிய ரொட்டிக்கு நடுவில் வைத்துத் தருவார். எனக்கு ரோஸ்டைவிட அதுதான் உசத்தி.

அவர்கள் வீட்டில் உப்பு நாக்கும் உண்டு. உப்பு, எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை வெடியுப்பு (பொட்டாசியம் நைட்ரேட்) தடவி ஜாடியில் நாள்கணக்கில் ஊறவைத்து வேகவைப்பார்கள். வெடியுப்பின் அளவு தப்பினால் உடம்புக்குக் கேடு என்பதால் அதை நான் செய்வதில்லை, உங்களுக்கும் சொல்லமாட்டேன்.

மாட்டுக்கறி கிடைக்காத ஊரிலோ வீட்டிலோ இருப்பவர்கள் ஆட்டு நாக்கில் இதையே செய்யலாம். தலைக்கறிக் கடையில் தலையோடுதான் வரும். நாலைந்து நாக்கு தனியாக வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சின்னது என்பதால் குக்கரில் 20, 25 நிமிடம் போதும். தோலை அதிலும் சூட்டோடுதான் உரிக்க வேண்டும்.

வேகவைத்த நாக்கு, தோல் உரித்து வெட்டாமல் மூடிய டப்பாவில் வைத்தால் குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாள் தாங்கும். குக்கரில் மிஞ்சிய தண்ணீரைக் கீழே ஊற்றிவிடாதீர்கள். ராத்திரி பெட்டியில் வைத்தால் காலையில் மேலே கொழுப்பு வெள்ளையாக உறைந்திருக்கும். அதை வழித்து எடுத்துவிட்டு, தட்டிய சின்ன வெங்காயம், மிளகு, சீரகம், மல்லித்தழை போட்டு ரசமாகக் கொதிக்கவிடுங்கள். தண்ணீரில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது, அதனால் உப்புப் போடும் முன் ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்துப் பாருங்கள்.