வெளிச்சம் பட்டால் கதவு மூடும்: விழித்திரைப் பாடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்டபம் பக்கம் சாயங்காலத்தில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். கண் பாடம் வரும்போதெல்லாம் ஒரே படம் என் மேஜைக்கு வந்துவிடும். ஒளியை உணரும் ஒரு குச்சி செல், அதன்மேல் விழும் ஒளிக்கதிர், உடனே செல்லுக்குள் பாய்கிற சோடியம் அம்புக்குறி. படத்தை அக்கறையாகத்தான் வரைந்திருப்பார்கள். அந்த அம்புக்குறி மட்டும் தவறு.

பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். அதற்கு முன்னால்தான் நரம்புச் செல்லைப் படித்திருப்பார்கள். அங்கே தூண்டல் வந்தால் சோடியம் உள்ளே வரும். கண்ணுக்கும் அதையே போட்டுவிடுகிறார்கள். ஆனால் நம் விழித்திரையில், செல்லின் சவ்வில் அயனிகள் நுழையும் கதவுகள் இருட்டில்தான் திறந்திருக்கின்றன. சோடியம் அயனிகளும் கொஞ்சம் கால்சியம் அயனிகளும் அப்போது உள்ளே வந்தபடியே இருக்கும். வெளிச்சம் பட்டால் கதவுகள் மூடும். செல்லின் உட்புற மின்னழுத்தம் இருட்டில் சுமார் −40 மில்லிவோல்ட். நல்ல வெளிச்சத்தில் −70 பக்கம் இறங்கிவிடும்.

ஏன் இறங்குகிறது என்று கேட்டால், "வெளிச்சம் பட்டதும் பொட்டாசியம் வெளியேற ஆரம்பிக்கும், டீச்சர்" என்று பதில் வரும். அதுவும் சரியில்லை. பொட்டாசியம் இருட்டிலும் வெளியேறிக்கொண்டுதான் இருந்தது. கசிகிற வள்ளத்தை நினைத்துப் பாருங்கள். பலகை இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே வருகிறது, ஒருவர் உட்கார்ந்து இறைத்துக்கொண்டே இருக்கிறார், மட்டம் ஏறாமல் இறங்காமல் நிற்கிறது. திடீரென்று இடுக்கை அடைத்துவிட்டால்? இறைக்கிறவர் புதிதாக எதுவும் செய்யவில்லை, ஆனாலும் மட்டம் இறங்கும். செல்லுக்குள் வரும் நேர்மின்னூட்டம்தான் அந்தத் தண்ணீர். இடுக்கு சோடியம் வரும் வழி, இறைப்பு பொட்டாசியம் போகும் வழி. பாம்பன் பிள்ளைகளுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்பட்டதே இல்லை.

சோடியம்–பொட்டாசியம் பம்ப் வெளிச்சத்தில்தான் கடுமையாக உழைக்கும் என்று எழுதுவதையும் பார்க்கிறேன். உள்ளே வந்த சோடியத்தை வெளியே தள்ளுவதுதான் அதன் வேலை. அதனால் இருட்டில்தான் அதற்குச் சுமை அதிகம். நாம் கண்ணை மூடிப் படுத்திருக்கும்போது இந்தச் செல்கள் கூடுதல் ஆற்றலைச் செலவழித்துக்கொண்டிருக்கின்றன என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

சரி, கதவை மூடுவது யார்? ஒளி நேராக வந்து கதவைத் தள்ளுவதில்லை. கதவு திறந்து நிற்பதற்குக் காரணம், அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் சைக்ளிக் ஜிஎம்பி என்ற சிறு மூலக்கூறு. ஒளி படுவது ரோடாப்சின் என்ற நிறமிப் புரதத்தின் மேல். அதற்குள் வளைந்திருக்கும் ரெட்டினால் என்ற பகுதி நிமிர்கிறது. ரோடாப்சின் டிரான்ஸ்டியூசின் என்ற இன்னொரு புரதத்தை எழுப்புகிறது, அது ஒரு நொதியை எழுப்புகிறது, நொதி சைக்ளிக் ஜிஎம்பியைச் சிதைக்கிறது. ஒட்டியிருந்தது விலகியதும் கதவு மூடிக்கொள்கிறது. சைக்ளிக் ஜிஎம்பிதான் கதவை மூடுகிறது என்று தலைகீழாக எழுதி மதிப்பெண்ணை இழப்பவர்கள் நிறைய. அது கதவை நேரடியாகத் திறக்கிறது என்பது 1985இல் உறுதியானது. இத்தனை படிகள் எதற்கு என்று கேட்டால், பெருக்குவதற்கு. ஒரே ஒரு ஒளித்துகள் பட்டாலே குச்சி செல்லில் நூற்றுக்கணக்கான கதவுகள் மூடிவிடும்.

பலர் விட்டுவிடுவது கால்சியத்தை. கதவு மூடினால் கால்சியமும் உள்ளே வராது. ஆனால் அதை வெளியேற்றும் பரிமாற்றி ஓடிக்கொண்டே இருப்பதால் உள்ளே அதன் அளவு குறைகிறது. குறைந்தவுடன் சைக்ளிக் ஜிஎம்பியைத் தயாரிக்கும் நொதி வேகமெடுத்து, சில கதவுகளை மறுபடி திறக்க வைக்கிறது. தனுஷ்கோடி மணலில் உச்சி வெயிலில் முதலில் கண் கூசினாலும், அப்புறம் பார்வை தெளிவதற்கு இதுவும் ஒரு காரணம். கண்மணி சுருங்குவதால் மட்டும் என்று எழுதி நிறுத்திவிடாதீர்கள்.

இரவில் கடலுக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று தெரியும். டார்ச்சை நேராகப் பார்த்துவிட்டால் கொஞ்ச நேரம் அலைகூடத் தெரியாது. அது கால்சியக் கணக்கு இல்லை. நிமிர்ந்துபோன ரெட்டினால் மறுபடி வளைந்து ரோடாப்சினில் சேர வேண்டும். வெயிலிலிருந்து இருட்டுக்கு வந்தால் குச்சி செல்கள் முழுதாகத் தேற 30, 40 நிமிடம்கூட ஆகும்.

மின்னழுத்தம் இறங்கினால் செல் ஓய்ந்துவிட்டது, செய்தி போகாது என்று நினைப்பது அடுத்த தவறு. இருட்டில் இந்தச் செல், அடுத்த செல்லுக்குச் செய்தி சொல்லும் குளூட்டமேட் என்ற வேதிப்பொருளை விடாமல் சுரக்கிறது. வெளிச்சத்தில் சுரப்பு குறைகிறது. அந்தக் குறைவுதான் செய்தி. அடுத்த அடுக்கிலுள்ள இருமுனைச் செல்களில் ஒரு வகையை குளூட்டமேட் அடக்கி வைத்திருக்கும். அடக்குவது குறைந்ததும் அது விழித்துக்கொள்ளும். இன்னொரு வகைக்கு குளூட்டமேட்தான் தூண்டல், அதனால் வெளிச்சத்தில் அது அடங்கும். நரம்புத் துடிப்பாகச் செய்தி மூளைக்குக் கிளம்புவது அதற்கும் அடுத்த அடுக்கிலிருந்து. குச்சி செல்லே துடிப்பை அனுப்புவதாக வரையாதீர்கள்.

கடைசியாக, எல்லா உயிர்களின் கண்ணும் இப்படித்தான் என்று எழுதாதீர்கள். மீன் ஏலம் நடக்கும் இடத்தில் ஒரே கூடையில் பாறை மீனும் ஊசிக் கணவாயும் கிடக்கும். இரண்டுக்கும் பெரிய உருண்டைக் கண், உள்ளே லென்ஸ். பாறை மீன் நம்மைப் போல முதுகெலும்புள்ளது, வெளிச்சத்தில் கதவு மூடும் கூட்டம். ஜப்பானிய ஆய்வாளர் டொமிட்டா 1960களில் கெண்டை மீனின் நிறம் காணும் கூம்பு செல்லுக்குள் நுண்ணிய மின்முனையைச் செலுத்திப் பார்த்தது இந்த மின்னழுத்த இறக்கத்தைத்தான். கணவாயின் கண்ணில் வேதி வழியே வேறு. அங்கே வெளிச்சம் பட்டால் கதவுகள் திறக்கும், சோடியம் உள்ளே பாயும், மின்னழுத்தம் ஏறும். இப்போதெல்லாம் இரண்டு கண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வரையச் சொல்கிறேன். குச்சி செல்லில் நான் அடித்துவிடுகிற அந்த அம்புக்குறி, கணவாய்க்குச் சரி.